சிவப்பு வால்

கற்குவியல் ஒன்றில் ஓர் அரணை இருந்தது. அதன் உடம்பெல்லாம் மண் நிறம். வால் மட்டும் ரத்தச் சிவப்பு.

“அண்ணே, பயமா இருக்கு. எனக்கும் உன் நிறமே வந்திருக்கக் கூடாதா?” என்று வால் தலையிடம் கேட்டது.

“பைத்தியமே, நம்ம உடம்புக்கே அழகு நீதான். நல்லா நிமிர்ந்து ஆடு,” என்றது தலை.

வால் கூச்சத்தோடு ஆடியது.

சருகு நொறுங்கியது. செம்போத்து ஒன்று வந்து நின்றது. அதன் சிவந்த கண் தலையைத் தாண்டிப் போய் வாலில் நிலைத்தது.

“அண்ணே, ஓடிடலாம்! என்னையே பார்க்குது!”

“இன்னும் கொஞ்சம் ஆடு, தம்பி.”

அலகு இறங்கியதும் தலை வாலைக் கழற்றிவிட்டுக் கல்லிடுக்கில் பாய்ந்தது. வெளியே வால் துடித்துத் துடித்து “அண்ணே, அண்ணே” என்றது. பிறகு சத்தமில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் புது வால் முளைத்தது. தலை ஆவலோடு திரும்பிப் பார்த்தது. மண் நிறம்.

“அண்ணே, நானும் அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கேன்!” என்று புது வால் குதூகலித்தது.

பின்னால் சருகு நொறுங்கியது. இந்தத் தடவை அந்தச் சிவந்த கண் தலையைத் தாண்டிப் போகவில்லை.