காண்பன, அறிவன

வெளியூரிலிருந்து வேதியியல் செய்முறைத் தேர்வு நடத்த வந்திருந்த தணிகாசலம் சார் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. புத்தகத்துல இருக்கறதை எழுதினா முட்டைதான்." கேள்வி எளிதானது. சோதனைக்குழாயில் இருக்கும் சுண்ணாம்பு நீருக்குள் ஸ்ட்ராவை விட்டு ஊத வேண்டும். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் நீர் பால்போல் வெளுக்கும். வரிசையாக எல்லாப் பெண்களுக்கும் வெளுத்தது. கடைசியாக நின்ற ஜெசிந்தா ஸ்ட்ராவைப் பிடித்தபடி பயந்துபோய் நின்றாள்.

"ஊதக்கூடவா தெரியாது? தள்ளு." அவரே வாங்கி ஊதிக் காட்டினார். குமிழிகள் வந்தன. நீர் தெளிவாகவே இருந்தது. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். குழாய்க்கு அப்பால் சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"தண்ணி கெட்டுப்போச்சு போல" என்று முணுமுணுத்தபடி அதே குழாயை அவளிடம் நீட்டினார். ஜெசிந்தா வேறு ஸ்ட்ரா போட்டு மெல்ல ஊதினாள். நீர் வெளுத்து அட்டவணை மறைந்தது.

அவள் உட்கார்ந்து எழுதினாள். 'காண்பன' என்ற கட்டத்தில் இரண்டு வரிகள்: முதலாவது அவர் ஊதியது, அடுத்தது தான் ஊதியது. பக்கத்திலிருந்த 'அறிவன' கட்டத்தில் தன்னுடையதற்கு மட்டும் 'மூச்சில் கார்பன் டை ஆக்சைடு உள்ளது' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ஊதினதுக்கு இங்க என்ன சார் எழுதறது?"

தணிகாசலம் சார் தன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.