வாக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்

"இதுக்குள்ள கீற ஏஐயை வேரோட புடுங்கிடணும்மா. ஒரு துளிகூட உள்ள இருக்கக் கூடாது" என்று சொல்லி, கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்தார் அன்வர் பாஷா.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஷாமியானா கடை வைத்திருப்பவர் அவர். பந்தல், நாற்காலி, பிரியாணி அண்டா எல்லாம் வாடகைக்கு விடுவார். அதே ரோட்டில்தான் யுவராணியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும். அன்வர் பாஷாவின் பின்னாலேயே அவர் மனைவி ஜீனத்தும் மூச்சு வாங்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சமீபமாக இப்படி ஆட்கள் வருவது யுவராணிக்குப் பழகிவிட்டது. எதைத் திறந்தாலும் 'நான் எழுதித் தரட்டுமா, சுருக்கித் தரட்டுமா' என்று குறுக்கே வந்து நிற்கிற ஏஐ பிடிக்காமல், இருக்கிற சிஸ்டத்தையே அழித்துவிட்டு, ஏஐ இல்லாத லினக்ஸ் சிஸ்டம் போடச் சொல்லி வருவார்கள். பெரும்பாலும் அடுக்குமாடிகளில் இருக்கிற ஐடிக்காரர்கள். பந்தல்காரர் ஒருவர் வந்ததுதான் புதுசு.

அப்படி அது என்ன செய்துவிட்டது என்று கேட்டாள்.

"என் பேர்ல வாக்குக் குடுத்துட்ச்சும்மா" என்றார்.

அவருக்கு ரசூல் பீவி என்று ஓர் அக்கா, ஆவடி சேக்காட்டில் இருக்கிறாள். தன் மகன் மஸூத் கல்யாணத்துக்கு அவள், தம்பி பந்தல் கடை வைத்திருக்க, வெளியாளிடம் பந்தல் எடுத்துவிட்டாள். தம்பி காசு வாங்க மாட்டானே என்ற சங்கடத்தில் செய்தது என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியும் இவர் கேட்கவில்லை. அன்றைக்கு அக்காவோடு பேச்சை விட்டது, மஸூத்துக்குப் பெண் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நீண்டுவிட்டது. பெருநாளைக்கு அக்கா வீட்டு பிரியாணி வந்தால் வீடே சாப்பிடும். அன்வர் பாஷா மட்டும் ரசம் சோறு கேட்பார்.

இப்போது மஸூத் வெள்ளானூரில் வீடு கட்டி முடித்து, குடிபோகிற விசேஷத்துக்கு வரச் சொல்லி மாமாவின் கடை மெயிலுக்கு எழுதியிருந்தான். மறுநாளே இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் போய்விட்டது. 'கண்டிப்பாக வருவேன். அக்காவிடம் சொல். பந்தல், நாற்காலி, அண்டா எல்லாம் என் பொறுப்பு. வெளியில் எடுத்தால் நடக்கிறதே வேறு' என்று.

அதைப் படித்து ரசூல் பீவி அழுதுவிட்டாளாம். அழுது முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டாளாம்.

"நான் பில்லு போட்டுகினு இருந்தேன். அதுவா எழுதி, அதுவா அனுப்சிட்ச்சு. அது வாயைக் குடுத்துட்டுப் போயிட்ச்சு. அண்டா தூக்கப் போறவன் நானு."

ஏஐ தவறாக அனுப்பிவிட்டது என்று மஸூத்துக்கு ஒரு வரி எழுதினால் தீர்ந்தது என்றாள் யுவராணி. அவர் முகம் மாறிவிட்டது. யார் எழுதினாலும் கீழே இருப்பது தன் பெயர், சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் தங்கள் குடும்பத்தில் கிடையாது, வேறு வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்றார். பந்தலுக்குச் சிவப்பும் தங்க நிறமுமாகப் புதுத் துணி தைக்கக் கொடுத்தாகிவிட்டது என்று ஜீனத் நடுவில் சொன்னாள். ஊர் பார்க்கிற இடத்தில் கிழிந்த பந்தலா போட முடியும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

ஜீனத்துக்கு அந்த ஏஐமேல் கோபமே இல்லை. "ஊட்ல இத்தினி பேர் கெஞ்சி நடக்காதது அதால நடந்துகீது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள்.

"நாளைக்கு உன் தம்பிக்குக் கடையை எழுதி வெச்சிடும், பரவால்லியா?" என்றார் அவர்.

யுவராணி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஏஐயை மட்டும் நிறுத்தி வைக்கலாம். லினக்ஸ் போட்டால் இப்போது பில் போடுகிற முறை ஓடாது, பிரிண்டர் முரண்டு பிடிக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பில்லைக் கையால் எழுதிக்கொள்கிறேன், நீ இதைச் சுத்தமாக அழித்துவிடு என்றார். தேள் புகுந்த பெட்டியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மஸூத்தின் பெண்ணுக்குக் கவுன் எடுக்க வேண்டும் என்று ஜீனத் எதிரே இருந்த துணிக்கடைக்குக் கிளம்பினாள். நடையில் அப்படி ஒரு துள்ளல். யுவராணி வயர்களைச் செருகி, அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டாள். பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"பாய், இது ரொம்பப் பழைய சிஸ்டம். ஏஐ வர்றதுக்கு முந்தின காலத்துது. இதுல அது இல்லவே இல்ல. அந்தப் பதிலை யாரோ உக்காந்து டைப் அடிச்சுதான் அனுப்பியிருக்காங்க."

அன்வர் பாஷா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். ஜீனத் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "ஒத்த விரலால அதை அடிச்சு முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. அவ வர்றதுக்குள்ள அழிச்சிடு."