மரங்கொத்தி செய்த சுத்தி

குளத்தங்கரைக் கூட்டத்துக்கு ஆமையைத் தலைவியாக்கினார்கள். அவளுக்கோ தாழ்ந்த குரல். தவளைகள் போட்ட இரைச்சலில் அவள் பேசியது யார் காதிலும் விழவில்லை. "எனக்கு இந்தப் பதவியே வேண்டாம்" என்று தண்ணீருக்குள் போய்விட்டாள்.

மரங்கொத்திக்கு மனசு கேட்கவில்லை. காய்ந்த பூவரசங்கிளையை ஒன்பது நாள் கொத்திக் கொத்தி ஒரு சின்ன மரச்சுத்தி செய்தான். கைப்பிடிக்குத் துளை போட்டதில் அலகின் நுனியே மழுங்கிவிட்டது.

"அக்கா, யாரும் அடங்கலைன்னா இதால தட்டுங்க" என்று கொடுத்தான். ஆமை கண்கலங்கி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் மரங்கொத்தி எழுந்தான். எந்த மரம், எத்தனை நாள், எப்படித் துளை போட்டான் என்று சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. தன் குறையைச் சொல்ல வந்திருந்த நத்தை, காத்திருந்து காத்திருந்து, சோர்ந்து திரும்பினான். ஆமை தயங்கினாள். செய்து கொடுத்தவனையே எப்படி அடக்குவது? திரும்பிப் போகும் நத்தையைப் பார்த்தாள். கல்லின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

மரங்கொத்தி பேச்சை நிறுத்தி உட்கார்ந்தான். "நத்தை பேசட்டும்" என்றாள் ஆமை. அதே மெல்லிய குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

தலைகுனிந்திருந்த மரங்கொத்தி, பக்கத்திலிருந்த கொக்கிடம் கிசுகிசுத்தான்:

"சத்தம் நல்லா வந்துச்சுல்ல?"