இரண்டு விரற்கடைத் தண்ணீர்

ரோசம்மாள் காலா லில்லிகளின் காம்பு நுனியைச் சாய்வாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கணவன் பவுல்துரை நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆரணி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டு பூக்கள். வெள்ளைப் பட்டுத்துணியைக் கூம்பாகச் சுருட்டி நிறுத்தியதுபோல் இருந்தன.

அவன் மாரடைப்பில் விழுந்த மறுநாள் பெங்களூரிலிருந்து பெட்டியில் வந்தவை. அவன் புடவை பார்டருக்கு டிசைன் போட்டுக்கொடுக்கும் கம்பெனியின் தலைமை ஆபீஸ் அனுப்பியது. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த ரோசம்மாள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள். தினமும் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள், பூவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள்.

எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வைத்தால் காம்பு அழுகிவிடும். தினம் மாற்ற வேண்டும். வெயில் ஆகாது. பக்கத்தில் வாழைப்பழம் இருந்தால் சீக்கிரம் வாடிவிடும். வாழைத்தாரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேவிட்டாள்.

"அப்பா ஐ.சி.யூ.ல கெடக்கறாரு, நீ பூவுக்குத் தண்ணி மாத்திகினு இருக்க" என்று மகள் ஜெசி ஒருநாள் கத்தினாள்.

"ஒண்ணுகூட வாடல பாரேன்" என்றான் பவுல்துரை. "எங்க ஆபீஸ்காரங்களுக்குப் பெரிய மனசு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஒருத்தர்கூட போன் பண்ணல. ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன்."

ரோசம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "இப்ப வேணாங்க. படுங்க."

அதற்குள் அவன் போனிலிருந்து மணி போய்விட்டது. மேனேஜர் தென்னரசுதான் எடுத்தார். குரல் தழைந்திருந்தது.

"சொல்லுங்கம்மா."

"அம்மா இல்ல சார், நான் பவுல்துரை. பூ ரொம்ப நல்லா இருக்கு சார்."

மறுமுனையில் ஏதோ கண்ணாடி விழுந்து உடைந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

ரோசம்மாள் பூக்களை ஒவ்வொன்றாகச் சாடியில் நிறுத்தினாள்.

பெட்டியைத் திறந்த அன்று பூக்களின் மேல் கறுப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று அச்சடித்து, கீழே அவன் பெயர். அதைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டு வந்துதான், முதல் காம்பை நறுக்கினாள்.