அவனே தூக்கிய கை

"தோத்தவன் படத்த முதல் பக்கத்துல போட்டு எங்கயாவது பாத்திருக்கியா, வெர்லின்?" ஓபல் பேப்பரைக் கீழே வைக்கவே இல்லை.

அவள் புருஷன் வெர்லின், கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு மோட்டல் ஜன்னலோரம் நின்றான். 1952. கோல்ஃப் ஆடிப் பிழைக்க ஊர் ஊராகக் கார் ஓட்டியும் அவனுக்கு ஒரு கோப்பைகூடக் கிடைத்ததில்லை.

நேற்றுக் கடைசிக் குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்து. உள்ளே தட்டிவிட்டால் சமநிலை, இன்று மறு ஆட்டம். பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தவன் சட்டென்று கையைத் தூக்கினான்.

"மட்டை பட்டு பந்து அசைஞ்சிடுச்சு. எனக்கு ஒரு அடி தண்டம்."

வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. ஆனால் விதி விதிதான்: ஆடுமுன் பந்தை அசைத்தால் கணக்கில் ஓர் அடி கூடும். அடுத்த அடியில் பந்து நேராகக் குழியில் விழுந்தது. அந்த ஒரு தண்டத்தால் தோற்றான்.

"நீ என்ன உங்கூட ஆடின அந்த டுவேன் மாதிரியா?" என்றாள் ஓபல். "அவன் ரெண்டடியில கை நடுங்கித் தவறவிட்டான், இப்ப செருப்பு விக்கிறான். உனக்கு டொலீடோவுல ஒரு கிளப்புலேருந்து போன் வந்திருக்கு. பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்க உன்ன மாதிரி நேர்மையான ஆள்தான் வேணுமாம்."

"ம்."

"உன்னக் கட்டிக்கிட்டதுக்கு இன்னைக்குத்தான் பெருமையா இருக்கு. காபி ஆறுது, எடு."

"வெச்சிரு. அப்புறம் குடிக்கறேன்."

அவள் பேப்பரை மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். வெர்லின் பையிலிருந்து கையை எடுத்துக் கோப்பையைத் தூக்கினான். பாதிக் காபி அவன் படத்தின்மேலேயே சிந்தியது.

நேற்றும் அசைந்தது பந்து இல்லை, கைதான்.