இருபத்தேழாவது நோட்டு

"பீரோவுல ஒரே ஒரு நோட்டுதான் பாக்கி. அத்தையும் குடுத்துட்டா அப்பால இன்னா பண்ணப் போற நைனா?"

பெட்ரோல் குழாயை அதன் இடத்தில் மாட்டிக்கொண்டே கேட்டாள் சுலோச்சனா. திருத்தணியிலிருந்து நகரி போகிற ரோட்டில், ஆந்திரா எல்லைக்கு முன்னால் இருக்கிற கடைசி பங்க் அது. மேனேஜர் ஹேமநாதனைவிட அவள் பதினைந்து வயது மூத்தவள். அதனால் அவனைக் கிண்டல் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க மாட்டாள்.

"மெதுவா பேசுக்கா. அவங்க வர்ற நேரம்" என்றான் ஹேமநாதன். காலையிலிருந்து மூன்று முறை தலை வாரியாகிவிட்டது.

அவங்க என்றால் ரஞ்சிதம். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவள். பெட்ரோலும் டீசலும் நிலக்கரியும் எரிந்து வட மாவட்டங்களில் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, இருபத்தேழு வருடங்களில் அது எந்த ஊரில் ஏறியது, எந்த ஊரில் இறங்கியது என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கிருத்திகை நாளில் மலை ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக இந்த பங்குக்கு வந்தாள்.

"பங்க் தொடங்கினதுலேருந்து எத்தனை லிட்டர் வித்தீங்கன்னு எழுதியிருப்பீங்களே, அந்த நோட்டெல்லாம் வேணும் சார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வருடத்துக்கு ஒன்றாக இருபத்தேழு நோட்டும் அவன் முதுகுக்குப் பின்னால் இரும்பு பீரோவில்தான் இருந்தன. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஹேமநாதனின் வாய் தானாகப் பேசியது.

"எல்லாம் பழைய குடோன்ல கெடக்குது மேடம். தேடித்தான் எடுக்கணும். ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒண்ணொண்ணா தரட்டுமா?"

அன்றிலிருந்து அவள் ஒரு கிருத்திகைகூடத் தவறவில்லை. அவனும் கடைசி வருடத்து நோட்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நோட்டாக எடுத்து, குடோனில் கிடந்த மாதிரி தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் மண்ணையும் பூசி மேசைமேல் வைத்தான்.

இன்று கடைசி நோட்டு. இதற்கப்புறம் இந்தப் பக்கம் வர அவளுக்கு என்ன வேலை? மனசில் இருப்பதைச் சொல்லலாம்தான். அவ்வளவு படித்த பெண்ணிடம் பங்க் மேனேஜர் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அவனுக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை.

ஆட்டோ வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினாள் ரஞ்சிதம்.

"பஞ்சாமிர்தம் எடுத்துக்கோங்க சார். நோட்டு கிடைச்சுதா?"

"கெடச்சுது மேடம். இது பங்க் தொறந்த வருஷத்துது. இதான்... கடைசி." நோட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினாள்.

"ஆரம்பத்துல எவ்வளவு கம்மி! அப்புறம் என் கிராஃப்ல உங்க ஊர்க் கோடு மட்டும் மலைப்படி மாதிரி ஏறியிருக்கே, ஏன் சார்?"

"ஐயோ, எங்க ஊர் மேல பழி போடாதீங்க! ஆந்திராவுல வெல ஜாஸ்தி. நகரி, புத்தூர் வண்டியெல்லாம் இங்க வந்து ரொப்பிகினு போவுது. எரிக்கிறது அவுங்க, கெட்ட பேரு நமக்கு!"

"இதையே ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க."

"நீங்களும் ஒவ்வொரு தடவையும் கேக்குறீங்களே மேடம்."

இருவரும் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடினாள். வெளியே ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போட்டபடி, சொல்லித் தொலை என்று கையை ஆட்டினாள் சுலோச்சனா.

ஹேமநாதன் எழுந்தான். பீரோவைப் பட்டென்று திறந்தான்.

"மேடம், குடோனும் இல்ல ஒண்ணும் இல்ல. அத்தினி நோட்டும் மொத நாள்லேருந்து இங்கதான் இருந்துச்சு."

அவள் பீரோவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"மொத்தமா குடுத்தா மறுபடியும் வர மாட்டீங்களேன்னு பயந்துட்டேன். உங்களைப் பாக்கணும்னுதான் ஒண்ணொண்ணா குடுத்தேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது மேடம். அதுக்காக உங்க படிப்பைப் போயி ரெண்டு வருஷம் இழுத்தடிச்சிட்டேனே! திட்டணும்னா திட்டிடுங்க."

ரஞ்சிதத்தின் முகம் சிவந்தது. கோபம்தான் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் திட்டவில்லை. பையைத் திறந்து கனமான புத்தகம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகம். பிரித்தான். நடுப்பக்கத்தில் எல்லா ஊர்க் கோடுகளுக்கும் மேலே திருத்தணிக் கோடு. அவன் இன்றைக்குத்தான் நோட்டுக் கொடுத்த அந்த முதல் வருடத்திலிருந்தே அது தொடங்கியிருந்தது. கீழே, ஆந்திர வண்டிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் திருத்தணி அவ்வளவு மோசமில்லை என்று ஒரு குறிப்பும் இருந்தது.

"இது எப்படி? இந்த நோட்டை இப்பதானே குடுத்தேன்!"

"உங்க கம்பெனி ஆபீஸ்ல அப்பவே கேட்டேன், ஒரே நாள்ல இருபத்தேழு வருஷத்தையும் குடுத்துட்டாங்க" என்றாள் ரஞ்சிதம், அவனை நிமிர்ந்து பார்க்காமல். "எனக்கு டாக்டர் பட்டம் குடுத்தே போன கிருத்திகையோட ஒரு வருஷம் ஆச்சு, ஹேமநாதன்."