எண்ணெய்த்துளியில் ஒட்டும் இரத்தம்

என் மகனுக்குத் தன் மகளைச் சம்பந்தம் பேச வந்த பேதுரு கதிரையில் இருந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இடம்பெயர்வில் மூக்குக்கண்ணாடி தொலைந்ததால், ஜெர்மனியிலிருந்து மகன் துசியந்தன் எழுதிய கடிதத்தை, முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த தாதி சிவலட்சுமியிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"நரம்பில ஏத்திற மருந்தாம் ஐயா, பால் மாதிரி. அதின்ர எண்ணெய்த்துளியில இரத்தத்தில இருக்கிற எந்தப் புரதம் ஒட்டுது எண்டு ஆராய்ச்சியாம்."

"கேட்டீரே பேதுரு? எங்கட பரம்பரை மூளை!"

"ஆராய்ச்சிக்கு இரத்தம் ஆர் குடுக்கிறது?" என்றார் பேதுரு.

சிவலட்சுமி தயங்கினாள். "ஆரோ அகதிப் பெடியன் விக்கிறானாம்."

"சீ, மானங்கெட்டவன்! பெத்தவை என்ன வளர்ப்பு வளர்த்தினமோ?" என்றேன்.

பேதுரு சிரித்தார். கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்.

சிவலட்சுமி போகவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள்.

"ஐயா, அந்த அகதியின்ர பேர் துசியந்தன்."